இரட்டை இறக்கை மாடல் விமானம்: கட்டுவதும் முதல் பறப்பும்

இரட்டை இறக்கை மாடல் விழுந்தால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகிப்பார்கள். குற்றம் பெரும்பாலும் இறக்கைகளில் இருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது 1 மீட்டர் நீளம், 180 மி.மீ. அகலத்தில் இரண்டு இறக்கை கொண்ட மாடல். 5 மி.மீ. ஃபோம் போர்டு, 2212 வகை 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டார், 10x4.5 அங்குல ப்ரொப்பல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, அசையும் பாகங்களைத் திருப்பும் 9 கிராம் சர்வோ 4. மொத்த எடை 900 கிராமைத் தாண்ட வேண்டாம். சூப்பர் க்ளூ ஃபோமைக் கரைத்துவிடும். ஃபோமுக்கான பசையோ எபாக்சியோதான் சரி.

இறக்கைகளுக்கு நடுவே 180 மி.மீ. இடைவெளி. மேல் இறக்கை 50 மி.மீ. முன்தள்ளி நிற்கட்டும். உடலை மட்டமாக வைத்து, ஒவ்வொரு இறக்கையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்கவும். இந்த அகலத்தில் முன்விளிம்பு 3 மி.மீ. உயர்ந்திருந்தால் கோணம் 1 டிகிரி. கீழ் இறக்கையைவிட மேல் இறக்கைக்கு 1 டிகிரி கூடுதலாக இருந்தால் நல்லது: வேகம் குறையும்போது அது முதலில் தூக்குவிசையை இழக்கும், மூக்கு தானாகத் தாழும். கீழ் இறக்கைக்குக் கூடினால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு விழும். இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கமாக உருளும். அழகுக்கு இறக்கைகளுக்கு நடுவே தங்கூசி (மீன்பிடி நைலான் இழை) கட்டலாம், ஆனால் விறைப்பாக இழுத்தால் அளந்த கோணமெல்லாம் முறுகிப்போகும்.

எடைமையம் மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 70 மி.மீ. பின்னால். பேட்டரியை வைத்துப் பார்க்கவும். கீழ் இறக்கையை மட்டும் கணக்கில் எடுத்து 95-ல் வைத்தால் வால் கனத்து, மேலேறியதும் கட்டுப்படாது.

ராமநாதபுரம் கடலோரப் பக்கம் பறக்கவிட, பங்குனி, சித்திரையில் வற்றிய கண்மாய் தோதான இடம். சீமைக்கருவேலம் இல்லாத பக்கமாகப் பார்க்கவும். கச்சான் (தென்மேற்குக் காற்று) பிடித்த பிறகு முதல் பறப்பு வேண்டாம். கடற்கரை மணலும் வேண்டாம்: கருமணல் மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன் வான்வெளிக்கான அரசு இணையதளம்) வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பு மண்டலத்தில் அரசு அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

விடிந்ததும், கடற்காற்று எழும்புமுன் தொடங்கலாம். ரேடியோவின் ரேஞ்ச் செக் முறையில் (சிக்னல் வலுவைக் குறைத்துச் சோதிப்பது) 30 எட்டு வைத்து நடந்து, சர்வோ நடுங்குகிறதா என்று பார்க்கவும். காற்றுக்கு எதிரே நிறுத்தி, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) சற்றே மேல்பிடித்து, த்ராட்டிலை (மோட்டார் வேகம்) 3 விநாடியில் மெல்ல ஏற்றவும். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், ரட்டரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) வலப்பக்கம் கொடுக்கவும். 30 மீட்டர் உயரம் போன பிறகே ட்ரிம்மை (நேராகப் பறக்கச் செய்யும் நுண் சரிக்கட்டல்) தொடலாம்.

இறக்கும்போது த்ராட்டிலை முழுக்க மூடினால் கல்போல் விழும். இரண்டு இறக்கையும் கட்டிய தங்கூசியும் காற்றை மறிக்கின்றன அல்லவா? கால்பங்கு த்ராட்டிலிலேயே வந்து, சக்கரம் தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது மூடவும். பறக்கும் நேரத்துக்கு டைமர் 5 நிமிடம். வீடு திரும்பியதும் கனெக்டர்களில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்கவும்.