கூர் நிற்கும் மலிவான மடக்குக் கத்தி: டர்பனில் பார்த்து வாங்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் மலிவான மடக்குக் கத்தி என்றால் ஒக்காப்பிதான். ஜெர்மனி தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் விற்பதற்காக 1902இல் செய்யத் தொடங்கிய கத்தி இது; 1988 முதல் இங்கேயே தயாராகிறது. மரப்பிடி, கார்பன் எஃகு அலகு, பூட்டை விடுவிக்கப் பிடியின் முதுகில் ஒரு வளையம், அவ்வளவுதான்.

பளபளப்பைப் பார்த்து மலிவான ஸ்டெயின்லெஸ் கத்தியை எடுத்துவிடாதீர்கள். அந்த எஃகு பெரும்பாலும் மென்மையானது. நாலு மாங்காய் நறுக்குவதற்குள் கூர் மடங்கிவிடும்; கல்லில் தேய்த்தாலும் பிசிறு, அதாவது தேய்க்கும்போது கூரின் ஓரத்தில் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு, லேசில் விடாது. கார்பன் எஃகு துருப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் கல்லில் வைத்த சில நிமிடங்களில் கூர் ஏறிவிடும். தினமும் புழங்கும் கத்திக்கு அதுதான் முக்கியம்.

ஒரே பெட்டியில் இருக்கும் கத்திகளும் ஒன்றுபோல இருக்காது. கடையில் மூன்று நான்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லத் திறக்கும்போது பல் பல்லாக ‘டிக், டிக்’ என்று விழ வேண்டும். முழுக்கத் திறந்ததும் வளையத்தைத் தொடாமல், அலகின் முதுகை லேசாக அழுத்துங்கள், மடங்கக் கூடாது. பக்கவாட்டில் ஆட்டினால் ஆணி தளர்ந்திருப்பது தெரிந்துவிடும். மூடியபின் அலகு பிடியின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் திறக்கும்போதெல்லாம் கூர் மழுங்கும். மூடும்போது வளையத்தை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு மடக்குங்கள். விரல் அலகின் வழியில் இருக்க வேண்டாம்.

கடையிலிருந்து வரும் கூர் பெரும்பாலும் தடிப்பாக இருக்கும். ‘இந்தக் கத்தி அறுக்கவே மாட்டேன் என்கிறது’ என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (நைசு) என்று இரண்டு பக்கமுள்ள சாணைக்கல் ஒன்று போதும். அலகு 2 செ.மீ. அகலம் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து ஒரு பென்சில் தடிமன், அதாவது சுமார் 7 மி.மீ. உயர்ந்திருக்கட்டும், பக்கத்துக்கு 20 டிகிரி வரும். 400இல் ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருங்கள். எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலைக் கூரிலிருந்து வெளிநோக்கி மெல்ல இழுத்தால் அடி முதல் நுனி வரை பிசிறு தட்டுப்பட வேண்டும். அதற்கு முன் பக்கம் மாற்றினால் அத்தனை உழைப்பும் வீண். மறுபக்கமும் அப்படியே. பிறகு 1000இல் அழுத்தாமல் பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து, தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னே போகும்படி பத்து இழுப்பு இழுங்கள். பழுத்த தக்காளியின் தோலில் வைத்து அழுத்தாமல் இழுத்தாலே இறங்க வேண்டும்.

டர்பனின் கடல்காற்றில் ஈரத்தோடு மடக்கிய கத்தி மறுநாளே துருவைக் காட்டிவிடும். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கியதும் கழுவித் துடையுங்கள், ஆணி இருக்கும் இடுக்கு உட்பட. அலகில் படியும் நீலச்சாம்பல் கறை கெடுதல் இல்லை, அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். செம்பழுப்புதான் துரு. ஆணியில் ஒரு சொட்டு லிக்விட் பாராஃபின் விடுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

தேங்காய்ச் சில்லை ஓட்டிலிருந்து நெம்ப மட்டும் இதை எடுக்காதீர்கள். நுனி ஒடிவது அநேகமாக அங்கேதான். பீங்கான் தட்டில் வைத்தும் அறுக்க வேண்டாம். ஒரே இழுப்பில் கூர் போய்விடும்.