ஓரவஞ்சனை எங்கே இருக்கிறது? அமெரிக்க பிரைமரி செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிரைமரி, அதாவது கட்சிக்குள் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற தேர்தல், தொடங்கிவிட்டாலே "மீடியா எங்கள் ஆளை அமுக்குகிறது" என்ற புகாரும் கூடவே வந்துவிடும். புகாரில் பல சமயம் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் பொய்ச் செய்தியைத் தேடுகிறார்கள், எண்களை எப்படிக் கூட்டுகிறார்கள், கேமரா யார் பக்கம் திரும்புகிறது, முடிவை எவ்வளவு அவசரமாகச் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

டி.வி. திரையின் ஓரத்தில் ஓடுகிற டெலிகேட் கணக்கை, அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப்போகிற பிரதிநிதிகள் யாருக்கு எத்தனை பேர் என்ற கணக்கை, அப்படியே எடுத்துக்கொள்வது முதல் தவறு. 2016 பிப்ரவரி 9, நியூ ஹாம்ப்ஷயர். ஜனநாயகக் கட்சியில் பெர்னி சாண்டர்ஸுக்கு 60 சதவீத வாக்கு, ஹிலாரி கிளின்டனுக்கு 38. அந்த வாக்குப்படி பிரதிநிதிகள் 15, 9. ஆனால் மாநிலத்தில் 8 சூப்பர் டெலிகேட்கள் உண்டு, மக்கள் வாக்கோடு சம்பந்தமில்லாமல் பதவியின் பேரிலேயே கட்சி மாநாட்டில் ஓட்டுப் போடுகிறவர்கள். அதில் 6 பேர் கிளின்டன் பக்கம் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் சேர்த்துக் கூட்டினால் 15க்கு 15! ஜூலை மாநாடு வரைக்கும் மனதை மாற்றிக்கொள்ள உரிமை உள்ளவர்களின் வாய்வார்த்தையை, ஏற்கெனவே விழுந்த வாக்கோடு ஒரே கூட்டலில் போட்டால் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? ஜெயித்தவர் ஜெயிக்கவே இல்லை என்றுதான் தோன்றும்.

அதே கணக்கை வைத்துத்தான் ஜூன் 6 இரவு, கலிஃபோர்னியா வாக்களிப்பதற்கு முந்தைய நாள், கிளின்டன்தான் வேட்பாளர் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது. மக்கள் வாக்கில் கிடைத்த பிரதிநிதிகளை மட்டும் எண்ணினாலும் அவர் முன்னால்தான் இருந்தார், கலிஃபோர்னியாவிலும் ஜெயித்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் மறுநாள் காலையில் வாக்குச்சாவடிக்குக் கிளம்புகிறவரிடம் முந்தின ராத்திரியே "முடிந்துவிட்டது" என்று சொன்னது எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை. போட்டி இருக்கும் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று 2018இல் கட்சியே விதியை மாற்றிவிட்டது.

அப்புறம், துண்டு வீடியோ. ஜனநாயகக் கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீன் கதையை இன்னும் பலர் தப்பாகவே சொல்கிறார்கள். 2004 ஜனவரி 19 இரவு, ஐயோவா. டீன் மூன்றாம் இடம். சோர்ந்துபோன தொண்டர்களுக்குத் தெம்பு கொடுக்க, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அடுத்து போகப்போகிற மாநிலங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, கடைசியில் தொண்டை கிழிய ஒரு கத்தல். அரங்கில் இருந்தவர்களுக்கு அது பெரிதாகக் கேட்கவே இல்லை, அவ்வளவு இரைச்சல். ஆனால் அவர் கையில் இருந்த மைக் சுற்றியுள்ள சத்தத்தைத் தள்ளிவிட்டு வாய்க்கு நேரே வருகிற குரலை மட்டும் பிடிக்கிற வகை. டி.வி.க்கு அந்த ஒலிதான் போனது. ஆகவே வீட்டில் பார்த்தவர்களுக்கு, அமைதியான அறையில் ஒரு மனிதர் காரணமே இல்லாமல் கத்துவது போல இருந்தது. அடுத்த சில நாட்களில் அதை நூற்றுக்கணக்கான முறை போட்டார்கள். யாரும் எதையும் திரிக்கவில்லை, வீடியோ உண்மைதான், ஆனால் கூட்டத்தின் சத்தம் போனதும் அர்த்தமே மாறிவிட்டது. இன்னொன்று, "அந்தக் கத்தலால்தான் தோற்றார்" என்பதும் சரியில்லை. கத்துவதற்கு முன்பே ஜான் கெர்ரிக்கும் ஜான் எட்வர்ட்ஸுக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தாயிற்றே.

சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. எல்லா வேட்பாளருக்கும் சம நேரம் தர வேண்டும் என்று 1934 தகவல் தொடர்புச் சட்டத்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் அது வானொலி, டி.வி. ஒளிபரப்புக்கானது, செய்திக்கும் பேட்டிக்கும் 1959இலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைக்குப் பொருந்தவே பொருந்தாது. 2015 நவம்பரில் டிரம்ப் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியபோது அது செய்தி இல்லை என்பதால், கேட்ட மற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் சிலருக்கு அதை ஒளிபரப்பிய என்.பி.சி. இலவச நேரம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் 2016 மார்ச் 15 இரவு, சாண்டர்ஸ் ஃபீனிக்ஸில் பேசிக்கொண்டிருக்க, பெரிய கேபிள் செய்தி சேனல்கள் அதை நேரலையில் காட்டாமல் டிரம்ப் வரப்போகிற காலி மேடையைக் காட்டிக்கொண்டிருந்தன. அதைச் சட்டப்படி யாரும் கேட்க முடியாது. அநியாயம் என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும், ஆனால் "சட்டமீறல்" என்று எழுதினால் உங்கள் புகாரையே ஒதுக்கிவிடுவார்கள்.

"ஜெயித்தார்" என்ற சொல்லையும் ஒருமுறை சரிபாருங்கள். 1968இல் நியூ ஹாம்ப்ஷயரில் அதிகம் வாக்கு வாங்கியவர் அதிபர் ஜான்சன்தான், சுமார் 49 சதவீதம். அவர் கட்சியிலேயே அவரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்திக்கு 42. ஆனால் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தார் என்று மெக்கார்த்தியை வெற்றியாளராகக் கொண்டாடினார்கள், அந்த மாதக் கடைசியிலேயே ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். அந்த எதிர்பார்ப்பை யார் வைத்தார்கள்? பெரும்பாலும் செய்தியாளர்களேதான்.

கடைசியாக, முதல் இரவின் முடிவை முழு முடிவாக நினைப்பது. 2012 ஜனவரி 3, ஐயோவா குடியரசுக் கட்சி காக்கஸில், அதாவது கட்சிக்காரர்கள் கூட்டம் கூடி வாக்களிக்கிற முறையில், மிட் ராம்னி 8 வாக்கில் முந்தியதாக அறிவித்தார்கள். லட்சத்துக்கும் மேல் விழுந்த வாக்கில் எட்டே எட்டு! அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயரிலும் ராம்னி ஜெயிக்க, முதல் இரண்டு மாநிலமும் அவருக்கே என்று செய்தி பரவியது. ஜனவரி 19 அன்று வந்த சரிபார்த்த எண்ணிக்கையில் ரிக் சான்டோரம் 34 வாக்கு முன்னால் இருந்தார், 8 சாவடிகளின் கணக்கு கிடைக்கவே இல்லை. ஆனால் அன்றைக்கு வேறு செய்திகளும் இருந்தன: அதே நாளில் இன்னொரு போட்டியாளரான ரிக் பெர்ரி போட்டியிலிருந்து விலகினார், அன்று இரவு சார்ல்ஸ்டனில் விவாத மேடை, இரண்டே நாளில் தென் கரோலினா வாக்குப்பதிவு. சான்டோரத்துக்கு அந்த வெற்றி 16 நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது.