குணமாகாது என்று கேட்ட பிறகு: மைலோமா நோயாளியின் மனதுக்கு ஒரு வழிகாட்டி

முதுகுவலிக்கென்று எலும்பு மருத்துவரிடம் போய், தேய்மானம் என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, சில மாதங்கள் கழித்து ஹீமோகுளோபின் ஏன் இவ்வளவு குறைந்திருக்கிறது என்று வேறொரு மருத்துவர் கேட்கப்போய், கடைசியில் மஜ்ஜைப் பரிசோதனையில் வந்து நிற்பதுதான் மல்டிபிள் மைலோமா வந்த பலருடைய கதை. அதன் முடிவில் மருத்துவர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். இந்த ரத்தப் புற்றுநோயை முழுமையாகக் குணப்படுத்த முடியாது என்பது ஒன்று. கட்டுப்படுத்தி வைக்கலாம் என்பது மற்றொன்று. முதல் செய்தி காதில் விழுந்த பிறகு இரண்டாவதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அதே மருத்துவரிடம் இன்னொரு முறை போய் அமர்வது. பதற்றம் சற்றுக் குறைந்த ஒரு நாளில், நிதானமானவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எனக்கு இருப்பது உடனே சிகிச்சை தேவைப்படும் நிலையா, கண்காணித்தால் போதுமான நிலையா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது? எந்த எலும்பு பலவீனமாக இருக்கிறது, நான் எதைத் தூக்கக் கூடாது? பதில்களைக் கைபேசியில் பதிவுசெய்துகொள்ளலாமா என்று கேட்டால் பல மருத்துவர்கள் மறுப்பதில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தாலோ, கால்சியம் மிகுந்திருந்தாலோ, தண்டுவடம் அழுத்தப்பட்டிருந்தாலோ சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் யோசிக்கச் சில நாட்கள் கிடைக்கும். வேலையை விடுவது, வீட்டை விற்பது போன்ற முடிவுகளை அந்த நாட்களில் எடுக்காதீர்கள்.

அடுத்தது அந்தச் சொல்லைப் பற்றியது. ரத்தப் புற்றுநோய் என்றதும் நம் தலைமுறையின் கண்முன் வருவது, இருமலும் கைக்குட்டையில் ரத்தமுமாக இடைவேளைக்குப் பிறகு இறந்துபோகும் திரைப்படக் கதாநாயகிதான். மைலோமா அப்படிப்பட்ட நோய் அன்று. கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்கும் பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் கட்டுமீறிப் பெருகுவதுதான் அது. மருந்து கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அடங்குகிறது. அடங்கியிருக்கும் காலம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மீண்டும் தலைதூக்கும்போது வேறு மருந்துக்கு மாறுகிறார்கள். "சர்க்கரை நோய் மாதிரிதான்" என்று சில மருத்துவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டும் என்ற அளவில் அது சரி, ஆனால் அந்த ஒப்பீடு நோயாளியின் பயத்தைச் சிறிதாக்கிவிடுகிறது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எத்தனை ஆண்டுகள் என்று இணையத்தில் தேடாதவர் இல்லை. தேடினால் கிடைக்கும் எண் பெரும்பாலும் இடைநிலை எண்: நோயாளிகளில் பாதிப் பேர் அதற்கு முன்பே இறந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதைத் தவிர, உங்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் குணமாகாத வேறொரு வகைப் புற்றுநோய் வந்தது. இடைநிலை எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்த அவர் 2002 வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதும் உண்மை. ஆனால் இணையத்தில் மைலோமாவுக்குக் கிடைக்கும் எண்களில் பல பழைய மருந்துகளின் காலத்தில் கணக்கிடப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்க அரசியல்வாதி ஜெரால்டின் ஃபெராரோவுக்கு 1998இல் மைலோமா கண்டறியப்பட்டபோது, இன்று இங்கேயும் வழக்கமாகப் போடப்படும் போர்டிசோமிப் ஊசிக்கு அனுமதியே கிடைத்திருக்கவில்லை. அது 2003இல் வந்தது, அவர் 2011 வரை இருந்தார்.

இனி, இந்த நோயில் மனம் படும் பாட்டில் மிகவும் குறைவாகப் பேசப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கலக்கம் எல்லாமே துக்கம் அன்று. அதில் ஒரு பகுதி மருந்து, இன்னொரு பகுதி நோய். மைலோமா சிகிச்சையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாரம் ஒரு நாள், பலருக்கு 40 மில்லிகிராம் அளவில், கொடுக்கிறார்கள். அன்று இரவு தூக்கம் வராது. சிலர் ஓயாமல் பேசுவார்கள், நள்ளிரவில் அலமாரியை அடுக்குவார்கள், காப்பி ஆறிப்போயிருந்ததற்கு மனைவியிடம் சீறுவார்கள். இரண்டு நாள் கழித்து அந்த வேகம் வடியும்போது காரணமில்லாத அழுகை வரும். தன் குணமே கெட்டுவிட்டதென்று நோயாளியும், நோய் மூளைக்குப் போய்விட்டதென்று குடும்பமும் நினைத்துக்கொள்வது இந்த நாட்களில்தான்.

இதற்கு வழி எளியது. மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள். தினசரிக் காலண்டரில் ஸ்டீராய்டு நாளையும் அதை அடுத்த மூன்று நாட்களையும் குறித்து, அன்றன்றைய மனநிலையை ஓரிரு சொல்லில் எழுதி வாருங்கள். இரண்டு மாதத்தில் ஒரு வடிவம் தெரியும். அந்த நாட்களில் சொத்துப் பேச்சோ, பழைய கணக்கைத் தீர்க்கும் பேச்சோ வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். பொறுக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க முடியும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தசோகையின் அசதியும் மனச்சோர்வு போலவே தோன்றும். ஆனால் கடும் தாகம், மலச்சிக்கல், மந்தம், குழப்பமான பேச்சு ஆகியவை சேர்ந்து வந்தால் அது மனத்தின் வேலையாக இல்லாமல் ரத்தத்தில் கால்சியம் ஏறியதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி தூக்கத்தைக் கெடுத்து மனத்தையும் கெடுக்கும். அதற்குக் கடையில் கிடைக்கும் வலிமாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போட்டால் சிறுநீரகம் கெடக்கூடும் என்பதால், வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது இறப்பவர்களுக்கு மட்டுமான இடம் அன்று.

நம் வீடுகளில் இன்னொரு சுமை உண்டு. மருத்துவர் அறையின் வாசலில் மகன் நின்றுகொண்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்கிறான். உள்ளே போகும் அப்பா, புற்றுநோய்ப் பிரிவு என்ற பலகையைப் படித்துவிட்டுத்தான் போகிறார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி, ஒரே வீட்டில் தனித்தனியாக அழுகிறார்கள். இதை நோயாளியே உடைப்பது நல்லது. "எனக்குத் தெரியும்பா. நீ மறைக்க வேண்டாம். எவ்வளவு தெரியணும்னு நானே கேக்குறேன், அத மட்டும் சொல்லு" என்பது போன்ற ஒரு பேச்சு போதும். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்பாததும் நோயாளியின் உரிமைதான். ஆனால் அதை அவர் தானே சொல்லியிருக்க வேண்டும்.

உறவினர்களுக்கு வீட்டில் ஒருவரை மட்டும் பதில் சொல்ல நியமியுங்கள். இந்தக் கஷாயம், அந்த இலைச்சாறு என்று வரும் யோசனைகளும் அவரிடமே போகட்டும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் குடிக்க வேண்டாம். முன்வினைப் பயன் என்று பேசுபவர்கள் வருவார்கள். நீங்கள் செய்த பாவத்தாலோ ஏதோ ஒன்றைச் சாப்பிட்டதாலோ மைலோமா வரவில்லை. அது தொற்றாது, தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. அதே சமயம் உங்கள் நோயெதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால், காய்ச்சல் சளி உள்ளவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிப் பார்வையாளர்களைக் குறைத்துக்கொள்ளலாம். உண்மையான காரணமே வசதியான காரணமாகவும் அமைவது அபூர்வம், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பரிசோதனை நாட்களுக்குத் தனித் தயாரிப்பு வேண்டும். ரிப்போர்ட் இப்போது இரவு பத்து மணிக்குக் கைபேசிக்கே வந்துவிடுகிறது, மருத்துவரைப் பார்ப்பதோ இரண்டு நாள் கழித்து. ஆகவே அதை யார் திறப்பது, மருத்துவர் முன்னிலையில்தான் திறப்பதா என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். என் நோயை எந்த எண்ணை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது எம் புரதம், அதாவது கட்டுமீறிய பிளாஸ்மா செல்கள் ரத்தத்தில் விடும் பழுதான எதிர்ப்புப் பொருள்; சிலருக்கு அந்தப் பொருளின் ஒரு பகுதியான லைட் செயின் அளவு. ஒரே ஒரு ரிப்போர்ட்டின் சிறு ஏற்றத்துக்கு அர்த்தம் குறைவு, அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளின் போக்குக்குத்தான் அர்த்தம் அதிகம்.

அழுகை இயல்பானது. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுதும் மனம் கனத்து, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருந்து எடுத்தால் புற்றுநோய் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். "நான் போய்விட்டால் இவர்களுக்குச் செலவாவது மிஞ்சும்" என்ற எண்ணம் தலைகாட்டினால் தனியாக இருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். பணக் கவலைக்கு மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்பதும், இந்திய நிறுவனங்களே தயாரிக்கும் விலை குறைந்த மருந்து எது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசிக் காலத்தைப் பற்றிய பேச்சை உடல் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை பேசி முடித்துவிடுவது நல்லது. வெண்டிலேட்டர் வேண்டுமா, வீட்டிலா மருத்துவமனையிலா என்பதை எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்தது. 2023இல் எளிதாக்கிய பிறகு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கினால் போதும். பிரதி ஒன்றை, உங்கள் சார்பில் பேசப்போகிறவரிடம் கொடுத்துவிட்டுத் தாளை மூடி வையுங்கள்.

பிறகு காலண்டரை மறுபடி எடுங்கள். மைலோமாவுக்குக் கொடுக்கும் லெனாலிடோமைடு மாத்திரையைப் பெரும்பாலும் 21 நாள் எடுத்து 7 நாள் விடுகிறார்கள். அந்த இடைவெளி வாரம் உங்களுக்கு நன்றாக இருக்கிறதென்றால், குலதெய்வக் கோவிலும் பேத்தியின் பள்ளி விழாவும் அங்கே பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தாத ஒரு கல்யாணம் வந்தால், ஊசியை இரண்டு நாள் தள்ளிப் போடலாமா என்று மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். பல சமயம் சரி என்றுதான் சொல்வார்.