பார்க் அல்ல, பாக்: கொரியப் பெயரைப் பிரிக்க, படிக்க, தமிழில் எழுத

தடா தாண்டி ஸ்ரீசிட்டிப் பக்கமோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ வேலை பார்ப்பவருக்குக் கொரியப் பெயர் அன்றாடச் சமாச்சாரம். கேட் ரிஜிஸ்டர், கெஸ்ட் ஹவுஸ் படிவம், மீனம்பாக்கத்தில் டிரைவர் தூக்கிப் பிடிக்கும் போர்டு என்று எல்லா இடத்திலும் அது வந்து நிற்கும். தப்பு விழுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். எது குடும்பப் பெயர் என்று தெரியாமல் தலைகீழாக எழுதுவது ஒன்று. ஆங்கில எழுத்தை அப்படியே நம்பி வாசிப்பது இன்னொன்று. தெலுங்கு வழக்கமும் பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணமும் கொஞ்சம் நினைவிருந்தால் போதும், இரண்டையும் சமாளிக்கலாம்.

பிரிப்பது

தெலுங்கு வீடுகளில் இண்டிபேரு (வீட்டுப் பெயர்) முன்னால் நிற்கும். நந்தமூரி தாரக ராமாராவ் என்றால் நந்தமூரி குடும்பம், மீதி அவருடைய பெயர். கொரியர் வரிசையும் இதுதான். கிம், லீ, பாக் போன்ற ஓரசைக் குடும்பப் பெயர் முதலில். பின்னால் பெரும்பாலும் இரண்டசையில் சொந்தப் பெயர். பான் கிமுன் (ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலர்) என்றால் பான் குடும்பம், கிமுன் அவர். அவரை ‘மிஸ்டர் முன்’ என்பது ராமாராவை ‘மிஸ்டர் ராவ்’ என்பதைப் போல. ஆள் புரியும், ஆனால் ஒட்டாது.

விதிவிலக்கு இரண்டு உண்டு. சொந்தப் பெயர் ஓரசையாகவும் இருக்கலாம்: 2024இல் இலக்கிய நோபல் பெற்ற ஹான் காங்கின் பெயரில் ஹான் குடும்பம், காங் அவர். காங் என்பது குடும்பப் பெயராகவும் வழங்குவதால் இங்கே குழப்பம் வரும். குடும்பப் பெயரே ஈரசையாக இருப்பதும் உண்டு: நாம்குங், ஹ்வாங்போ, ஜேகால், ஸொனு. இவை அரிது. எதிரே வந்தால் முதல் அசையை வெட்டி எடுத்துவிடக் கூடாது.

விசிட்டிங் கார்டை நம்பாதீர்கள். வெளிநாட்டாருக்காக என்று சிலர் வரிசையைத் திருப்பி அச்சடித்திருப்பார்கள், சிலர் திருப்பாமல் விட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் முதல் வரியைப் பாருங்கள். நாட்டுக் குறியான கே ஓ ஆர் முடிந்ததும் குடும்பப் பெயர் தொடங்கும். அது முடிந்த இடத்தில் கோண அடையாளம் இரண்டு சேர்ந்தாற்போல் வரும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சொந்தப் பெயர். நடுவில் ஒற்றைக் கோணம் இருந்தால் அது வெறும் இடைவெளி. சொந்தப் பெயரின் இரண்டு அசைகளைச் சிலர் இடைவெளி விட்டு எழுதுவதால் வருவது அது. இதை ‘மிடில் நேம்’ என்று நினைத்து மூன்று கட்டத்தில் பிரித்துப் போட்டுவிட்டால் டிக்கெட் ஒரு பெயரிலும் விசா இன்னொரு பெயரிலும் நிற்கும். இரண்டு அசையும் ஒரே கட்டத்துக்குள்தான் போக வேண்டும்.

கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்கள் வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரப் படிவத்தை (முன்பு ‘சி’ படிவம் எனப்பட்டது) ஏற்ற வேண்டும். அதில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து ஒன்றுகூட மாறக் கூடாது. ‘சரியான ஸ்பெல்லிங்’ என்று நமக்குத் தோன்றியதை அங்கே போடும் வேலையே வேண்டாம்.

ஒரே பெயருக்கு ஏன் நாலு ஸ்பெல்லிங்

கொரிய எழுத்தில் அது ஒரே பெயர்தான். ஆங்கில எழுத்தில் எழுத 1930களின் முறை ஒன்று, தென்கொரிய அரசு 2000இல் கொண்டுவந்த முறை ஒன்று, அவரவர் பழக்கம் ஒன்று என்று பல ஓடுகின்றன. அரசு முறைப்படி கிம் என்பதை ‘ஜி’ எழுத்தில் தொடங்க வேண்டும். அநேகமாக யாரும் அப்படி எழுதுவதில்லை, பழைய ‘கே’யே நிலைத்துவிட்டது.

ஆங்கிலக்காரர் கே, ஜி என்று இப்படித் தடுமாறுவதன் காரணம் தமிழருக்கு உடனே புரியும். நம் ‘க’ சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, ‘பங்கு’ என்பதில் மெல்லினத்துக்குப் பின் வேறு மாதிரி ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். கொரியனிலும் க, த, ப மூன்றும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. அதனால் தமிழில் ஒரே எழுத்தைப் போட்டுவிட்டு மீதியை வாய்க்கு விட்டுவிடலாம். தெலுங்கில் எழுதும் நண்பர் எந்த ‘க’ போடுவது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

பாக்: ஆங்கிலத்தில் பி, ஏ, ஆர், கே என்று எழுதுகிறார்கள். அந்த ‘ஆர்’ ஒலிப்பதே இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஆர்’ ஒலிக்காமல் ‘ஆ’ மட்டும் கேட்கும், அதைக் காட்டத்தான் அந்த எழுத்து. ‘பார்க்’ என்று எழுதினால் பூங்கா ஆகிவிடும். கடைசி ‘க்’கைத் தொண்டையில் அடைத்து நிறுத்துங்கள், ‘பாக்கு’ என்று நம் நாக்கு சேர்க்கும் உகரம் வேண்டாம்.

லீ: அவரே சொல்லும்போது ‘ஈ’ என்பார். எழுத்தில் இருந்த ‘ர’கரம் தென்கொரியாவில் சொல்முதலில் வரக் கூடாது என்று உதிர்ந்துவிட்டது. தொல்காப்பியர் ர, ல இரண்டையும் மொழிமுதலில் விடாததால் நாம் இராமன், இலங்கை என்று எழுதுகிறோமே, அதற்குப் பக்கத்து வீட்டு விதி. நாம் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தோம், அவர்கள் மெய்யைத் தூக்கிவிட்டார்கள் அல்லது ‘ந’ ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் ‘லிம்’ என்று கார்டில் இருப்பவர் இம், ‘ரியு’ என்பவர் பெரும்பாலும் யு, முன்னாள் அதிபர் ‘ரோ’ மூஹ்யுன் உண்மையில் நோ முஹ்யொன். வடகொரியாவில் இந்த விதி இல்லை. அங்கே ‘ரி’ இன்னும் ‘ரி’தான். பேச்சில் ஈ என்றும் எழுத்தில் லீ என்றும் வைத்துக்கொள்வதே நல்லது. ‘திரு. ஈ’ என்று போர்டு எழுதினால் பார்ப்பவர் சிரிப்பார்.

சோ, சோய்: இரண்டும் ‘சி எச்’சில் தொடங்கினாலும் முதல் ஒலி வேறு. சோ என்று எழுதுபவர் ஜோ. சோய் என்று எழுதுபவர் ‘ச்வே’. உதட்டைக் குவித்து, மூச்சைத் தள்ளி.

ஜொங்: அதிகம் ஏமாற்றும் பெயர் இதுதான். ஜுங், ஜியோங், சுங் என்று மூன்று விதமாக எழுதியிருந்தாலும் குடும்பப் பெயர் ஒன்றே. ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜு-யுங் ஒலிப்பில் ஜொங் ஜுயொங். ஆனால் முன்னாள் அதிபர் கிம் தேஜுங்கின் கடைசி அசை உண்மையாகவே ஜுங். ஆங்கிலத்தில் ‘ஜே யு என் ஜி’ என்று இருந்தால் எது என்று எழுத்து சொல்லாது, ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவை சுலபம். காங், ஜாங் (சாங் என்றும் எழுதுவார்கள்), யுன், ஹான், ஓ, ஸொ (சுஹ், சியோ), ஷின், க்வொன், ஹ்வாங், ஆன், ஸோங், ஹோங், முன். இரண்டு ‘ஓ’, இரண்டு ‘ஈ’ எழுத்தைப் பார்த்து நெடிலாக நீட்ட வேண்டாம். ‘மூன்’ இல்லை, முன்.

உயிரெழுத்தில் கவனம்

ஆங்கிலத்தில் ‘ஈ ஓ’ என்று சேர்ந்து வருவதை ‘இயோ’ என்று வாசிக்கிறோம். அது ஒரே உயிர். அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே. தமிழில் குறில் ஒ போடுங்கள். தனி ‘ஓ’ எழுத்துக்கு நெடில் ஓ. இப்படி வைத்துக்கொண்டால் இரண்டும் கலக்காது: ஸொ ஒரு குடும்பம், ஸோங் இன்னொன்று. ‘ஏ’ எழுத்துக்கு ஆ போட்டு, சொல்லும்போது சுருக்கிச் சொல்லுங்கள். ‘ஏ ஈ’ சேர்ந்தால் எ அல்லது ஏ.

‘ஈ யு’ சேர்ந்து வருவதில் எல்லா வெளிநாட்டாரும் தடுக்கி விழுவார்கள். தமிழருக்கு அது பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிறது. ‘காசு’, ‘பாட்டு’ என்பதன் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரமேதான். ‘பசு’வின் உகரம் வேறு, அது கொரியனில் ‘யு’ எழுத்து. கிம் ஜொங்-உன் பெயரின் ‘உன்’ காசு வகை, பான் கிமுன் பெயரின் ‘முன்’ பசு வகை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், வேறு வழியில்லை.

உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்தில் நம் நாக்கு சும்மா இருக்காது, உடம்படுமெய் போடும். மணி, அடி சேர்ந்தால் மணியடி. இந்தப் பழக்கத்தில் ஜி-உன் என்ற பெண் ஜியுன் ஆகிவிடுகிறாள். ஜியுன் என்று வேறொரு பெயர் தனியாக இருக்கிறது! எனவே அசைகளுக்கு நடுவே சிறு கோடு போடுங்கள்: ஜி-உன், ஜே-இன், ஹே-இன். உயிர் சந்திக்காத மின்ஜுன், ஜிஹுன், ஸொயொன் போன்றவற்றுக்குக் கோடு தேவையில்லை.

அர்த்தம் கேட்பது எப்படி

“ஜிஹுன்னா என்ன அர்த்தம்?” என்று ஒலியை மட்டும் வைத்துக் கேட்டால் பதில் கிடையாது. பெரும்பாலான பெயர்களுக்குப் பின்னால் ஹஞ்சா எனப்படும் சீன எழுத்து இருக்கிறது. ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள். ‘ஜி’ அறிவாகவும் இருக்கலாம், மன உறுதியாகவும் இருக்கலாம். ‘மின்’ சுறுசுறுப்பு, அல்லது பச்சைக்கல் போன்ற ஒரு கல், அல்லது இலையுதிர்கால வானம். ‘யொங்’ என்றும் நிலைப்பது, அல்லது புகழ், அல்லது மலர். ‘உன்’ அருள் அல்லது வெள்ளி. ‘சு’ சிறப்பு அல்லது நீண்ட ஆயுள். பெயருக்கு எந்தெந்த எழுத்தைப் பயன்படுத்தலாம் என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் பட்டியலே வைத்திருக்கிறது. அதில் 9 ஆயிரத்துக்கு மேல். இணையத்தில் ‘கொரியப் பெயர்களும் பொருளும்’ என்று ஒலிக்கு ஒரு பொருள் மட்டும் போட்டிருக்கும் பட்டியல்கள் பாதிக்குப் பாதி பயனற்றவை.

எனவே “எந்த ஹஞ்சா?” என்று கேளுங்கள். கொரியர் ஒவ்வொரு எழுத்தையும் பொருளும் ஒலியும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்பார்கள். ‘ஹ்யொன்’ என்ற அசைக்கு ஒருவர் ‘பின்னல் ஹ்யொன்’ என்பார். நம் காதில் சடை போலத்தான் விழும், ஆனால் பொருள் ‘ஒளிர்கிற ஹ்யொன்’. இன்னொருவரின் ஹ்யொன் ‘நற்குணமுள்ள ஹ்யொன்’ ஆக இருக்கும்.

சில பெயர்களுக்கு ஹஞ்சாவே இல்லை, தனிக் கொரியச் சொற்கள். ஹானுல் வானம், இஸுல் பனித்துளி, நாரே சிறகு, ஸுல்கி அறிவு, ஆரும் அழகு, போராம் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன். நம் பக்கம் அமுதா, நிலா, செல்வி என்று வைப்பது போல.

அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் ஓர் அசை பொதுவாக இருந்தால் அது தலைமுறை அசை. பல குலங்களில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து பூத வரிசையில் தலைமுறைக்கு ஒன்றாக எழுத்தை மாற்றுவார்கள். இப்போது பலர் இதைப் பார்ப்பதில்லை.

குடும்பப் பெயரின் பொருளைத் தோண்டுவதில் அதிக லாபம் இல்லை. கிம் பொன், லீ ஒருவகைப் பிளம் மரம், இம் காடு, ஹ்வாங் மஞ்சள். ஆனால் யாரும் அந்த நினைப்பில் கூப்பிடுவதில்லை. கேட்க வேண்டியது ‘எந்த ஊர் கிம்?’ என்பதுதான். 2015 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் கிம், கிட்டத்தட்ட 15 பேர் லீ, 8 பேர் பாக். இத்தனை பேரும் ஒரே வம்சம் இல்லை. கிம்ஹே கிம், க்யொங்ஜு கிம் என்று மூல ஊரால் பிரிவார்கள். இண்டிபேரு பல ஊர்ப்பெயர்களாக இருப்பதும், ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்காததும் நமக்குத் தெரிந்ததே. அங்கேயும் ஒரே ஊர், ஒரே பெயர் என்றால் திருமணம் கூடாது என்று சட்டமே இருந்தது. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005இல் சட்டம் மாறியது. பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள். கணவர் கிம் என்பதால் மனைவியை ‘மிஸஸ் கிம்’ என்று படிவத்தில் எழுதினால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது.

கூப்பிடுவதும் போர்டு எழுதுவதும்

ஒரே தளத்தில் நாலு கிம் இருப்பார்கள். அதனால் பதவியைச் சேர்த்து, கடைசியில் மரியாதைக்கு ‘நிம்’ போடுவார்கள்: கிம் க்வாஜாங்நிம், பாக் புஜாங்நிம். கீழிருந்து மேலே தேரி, க்வாஜாங், ச்சாஜாங், புஜாங், இஸா என்று போகும். பதவி தெரியாவிட்டால் முழுப் பெயரோடு ‘ஸ்ஸி’. வெறும் குடும்பப் பெயரோடு ‘கிம் ஸ்ஸி’ என்பது ஆளைக் குறைத்துப் பேசுவதாகப் படும். மூத்தவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது; ‘கிம் சார்’ என்பதை இங்கே வேலை பார்ப்பவர்கள் பழகிக்கொண்டுவிட்டார்கள், அதில் தப்பில்லை.

விமான நிலையப் போர்டில் ஆங்கிலத்தில் முழுப் பெயர், பாஸ்போர்ட் வரிசையில், குடும்பப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில். ‘மிஸ்டர் கிம்’ என்று மட்டும் எழுதிப் பிடித்தால் சியோலிலிருந்து வரும் ஆட்களில் ஐந்தில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். மார்க்கர் கறுப்போ நீலமோ இருக்கட்டும். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவதை அவர்கள் அபசகுனமாக நினைப்பார்கள். பளிச்சென்று தெரியட்டும் என்று நாம் முதலில் எடுப்பது அந்தச் சிவப்பு மார்க்கரைத்தான்.