கதிர்வீச்சுப் படிவும் ஆடுமாடும்: தடை உத்தரவு வந்தால் செட்டிநாட்டில் என்ன செய்வது

காரைக்குடியிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். கல்பாக்கம் 315-ஐ ஒட்டி வரும். நம் நாட்டு அணுமின் நிலையங்களைச் சுற்றி அவசரகாலத் திட்டத்துக்கென்று வகுத்திருக்கும் வட்டம் 16 கிலோமீட்டர்தான். பிறகு, அணுவுலை விபத்தில் கிளம்பும் கதிரியக்கத் தூசி எங்கோ விழுந்து படிவதில் பள்ளத்தூர் ஆட்டுக்காரருக்கும் தேவகோட்டை பால்காரருக்கும் என்ன வேலை?

செர்னோபில் உலை 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி பிரிட்டனில் இருக்கும் கம்பிரியா, வட வேல்ஸ் மலைகளில் அந்த ஆண்டு ஜூன் 20-ம் தேதி செம்மறிகளை விற்கவும் அறுக்கவும் தடை வந்தது. கதிரியக்கத் தூசி சுமந்த மேகம் கடந்துபோன நேரத்தில் எங்கே மழை கொட்டியதோ அங்கே படிவு கூடியது. பக்கத்துப் பள்ளத்தாக்கு தப்பித்தது. மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். கடைசிப் பண்ணைக்குத் தடை நீங்கியது 2012 ஜூன் 1-ம் தேதி. ஐப்பசி அடைமழையில் இப்படியொரு மேகம் நம் பக்கம் வந்தால் கணக்கு எப்படிப் போகும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

தடை எதன் மேல்?

ஆடு நோஞ்சானாகாது, மாடு படுக்காது. பார்வைக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். உத்தரவை மீறத் தோன்றுவதே அதனால்தான். தடை உண்மையில் மாட்டின் மேல் இல்லை, அதன் வாய்க்குள் போவதன் மேல். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

படிவில் வரும் கதிரியக்கப் பொருள்களில் மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும். அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும்; புல்லில் விழுந்து இரண்டு மூன்று நாளில் பாலில் உச்சத்துக்கு வரும்; 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு பிடிக்கும்; அது கறியிலும் பாலிலும் சேரும். ஸ்ட்ரான்சியம்-90 சுண்ணாம்புச் சத்தின் வழியே எலும்புக்கும் பாலுக்கும் போகும்.

பசுவைவிட வெள்ளாடு ஏன் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த எடையில் கிலோவுக்கு 1,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) சீசியம் உள்ள புல் என்று வைத்துக்கொள்வோம். பசு நாளுக்கு 6 கிலோ தின்றால் 6,000 பெக்கரல் உள்ளே போகிறது. சில வாரம் தொடர்ந்து தின்றபின் அதன் பாலில் லிட்டருக்கு 28 பெக்கரல் அளவிலும், கறியில் கிலோவுக்கு 130 அளவிலும் நிற்கும். வெள்ளாடு ஒன்றரைக் கிலோதான் தின்னும். உள்ளே போவது 1,500. ஆனால் அதன் பாலில் 165, கறியில் 450-க்கு மேல்! அதே புல், கால் பங்கு தீனி, மூன்று நான்கு மடங்குக்கு மேல் கதிரியக்கக் கறை. உடம்பு சின்னது, கிலோவுக்கு ஏறுவது அதிகம். கறந்து குழந்தைக்குக் கொடுக்கும் வெள்ளாட்டுப் பாலைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், உத்தரவு வரும்வரை காத்திருக்காமல்.

முதல் நாள்: மேய்ச்சலை நிறுத்துதல்

எச்சரிக்கை காதில் விழுந்ததும் ஆடுமாட்டைக் கண்மாய்க்கரையிலிருந்தும் தரிசிலிருந்தும் ஓட்டி வந்து கொட்டத்தில் கட்டுங்கள். நாட்டுக்கோழியையும் கூண்டில் அடையுங்கள். அது மண்ணைக் கிளறியே வயிறு நிரப்புவதால் படிவை நேராகவே கொத்தித் தின்னும். மேகம் வருமுன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று: வைக்கோல் படப்பைத் தார்ப்பாயால் தரைவரை மூடி, ஓரத்தில் கல் வைப்பது. உச்சியை மட்டும் மூடிவிட்டுப் பக்கவாட்டைத் திறந்து விட்டால் சாரல் அடிக்கும் பக்கம் முழுக்கக் கறைபடும்.

படப்பு விஷயத்தில் ஜப்பான் பட்டது போதும். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச்சில் உலைகள் உருகின. மேய்ச்சல் வேண்டாம், உள்ளே இருக்கும் தீவனத்தைப் போடுங்கள் என்று மாட்டுப் பண்ணைகளுக்குச் சொன்னார்கள். வயலில் கிடந்த வைக்கோலைத் திரட்டி விற்ற நெல் விவசாயிகளிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. ஜூலையில் அந்த வைக்கோலைத் தின்ற மாடுகளின் இறைச்சி, அப்போதைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலைத் தாண்டி நின்றது. அதற்குள் பல மாவட்டக் கடைகளுக்கும் போய்விட்டிருந்தது. ஆகவே வாங்கும் வைக்கோல் எந்த ஊரில், எந்தத் தேதியில் கட்டியது என்று எழுதி வாங்குங்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில் வரும் உருளைக் கட்டுக்கும் இதே விதிதான்.

மழை ஓய்ந்தபின் தார்ப்பாயை உதறக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, மேல்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி எடுங்கள். மூடாமல் விட்ட படப்பாக இருந்தால் வெளிச்சுற்றை உரித்துத் தனியாகக் குவித்து, உள்ளிருப்பதைச் சோதனைக்குக் கொடுத்த பிறகே போடலாம்.

தண்ணீருக்கு ஊருணியும் கண்மாயும் வேண்டாம். ஆழ்குழாய்த் தண்ணீரை மூடிய தொட்டியில் பிடியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக் கூரைத் தண்ணீர் முற்றத்துக்கு இறங்கி அண்டாவில் நிறைவது வழக்கம். சாதாரண நாளில் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. இந்த நாளில் மாட்டுக்கும் வேண்டாம், மனிதருக்கும் வேண்டாம்.

ஒரு மாதத் தீவனம்

மேய்ச்சல் தடை ஒரு மாதம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். கறவையைக் கொழுக்க வைக்க அல்ல, உடம்பு இறங்காமல் பார்த்துக்கொள்ள. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 6 கிலோ வைக்கோல், ஒரு கிலோ தவிடும் புண்ணாக்கும். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோ காய்ந்த கடலைக்கொடி அல்லது பயறுப் பொட்டு. இரண்டு மாடும் பத்து ஆடும் உள்ள வீட்டுக்கு 30 நாளில் 360 கிலோ வைக்கோல், 60 கிலோ அடர்தீவனம், 300 கிலோ கடலைக்கொடி ஆகும். உருளைக் கட்டு ஒன்று 18 கிலோ வைத்தால் 20 கட்டு. தண்ணீர் மாட்டுக்கு வெயில் காலத்தில் 40 முதல் 60 லிட்டர், ஆட்டுக்கு 4 முதல் 5.

ஆடு வெறும் வைக்கோலைத் தின்னாது. மேய்ந்து பழகியது கொட்டத்தில் முதல் இரண்டு நாள் கத்தித் தீர்க்கும். அந்தச் சத்தம் பொறுக்காமல் ஒரு மணிநேரம் அவிழ்த்து விடுவதுதான் நடைமுறையில் அடிக்கடி நடக்கும் தப்பு. சேர்த்து வைத்த சீமைக்கருவேல நெற்று இருந்தால் கொஞ்சம் போட்டு அடக்கலாம். படிவுக்குப் பிறகு பொறுக்கிய நெற்று கூடாது.

உத்தரவில் என்னவெல்லாம் இருக்கும்

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும் ஓர் இடத்துக்குள் போக வரத் தடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மறுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. திருமயம் பக்கம் ஓர் உத்தரவும் காரைக்குடிப் பக்கம் வேறோர் உத்தரவும் வர வாய்ப்புண்டு. உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்; ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சந்தேகமிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

மற்ற நாடுகளில் நடந்த வரிசை இது: முதலில் மேய்ச்சலும் பாலும், பிறகு ஆடுமாடு நகர்த்தல், பிறகு அறுப்பு, கடைசியாகத் தீவன விற்பனை. 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் நிலத்தின் பாலை வாங்கிக் கொட்டினார்கள். காரணம் அயோடின் என்பதால் அது சில வாரங்களில் முடிந்தது. சீசியம் என்றால் அப்படி முடியாது.

நகர்த்தல் தடையில் நம் பக்கம் அடிபடுவது சந்தை மட்டுமல்ல. வயலில் எருவுக்காக மந்தையை இரவில் அடைத்துக் கிடை போட ஊர் ஊராகப் போகும் கீதாரிகளுக்கு இதுதான் பெரிய அடி. கிடை ஆடு கறையை வயிற்றில் சுமந்துபோய் அடுத்த ஊர் வயலில் புழுக்கையாகப் போட்டுவிடும். கிடைக்காரர் மந்தை நிற்கும் இடத்திலேயே நின்று, கிராம நிர்வாக அலுவலரிடம் ஆட்டு எண்ணிக்கையைப் பதிய வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வளர்க்கும் காளையும் மாடுதான். அதற்கென்று தனிச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

காதில் 12 இலக்க அடையாள வில்லை இல்லாத மாட்டுக்கு உடனே போட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கை, வயது, சினை நிலை, நாளுக்குக் கொட்டிய பால் லிட்டர் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க இந்த நோட்டும், பால் சங்க அட்டையும், தீவனம் வாங்கிய ரசீதும்தான் கையில் இருக்கும்.

சாணம், சாம்பல்

நாம் அதிகம் கோட்டை விடப்போவது இங்கேதான். தின்ற சீசியத்தில் பெரும்பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறும். எனவே தடைக்காலச் சாணத்தை ஊருணி வாட்டத்துக்கு எதிர்ப்பக்கம், மழைத் தண்ணீர் ஓடாத மேட்டில் தனிக் குவியலாக்கி மூடி வையுங்கள். வாசல் தெளிக்க வேண்டாம், தோட்டத்துக்குப் போட வேண்டாம், வரட்டி தட்ட வேண்டவே வேண்டாம். எரித்தால் சாணம் போய்விடும், சீசியம் போகாது. சாம்பலில் பல மடங்காகச் செறிந்து நிற்கும். அதில் பாத்திரம் துலக்குவதும் திருநீறு பூசுவதும் கையால் கறையை அள்ளுவதுதான்.

பாலையும் கறியையும் என்ன செய்வது

காய்ச்சினால் கதிரியக்கம் போகாது. சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் ஆக்கினால் கிலோவுக்கு உள்ள அளவு ஏறும். மாறாக வெண்ணெய் எடுத்து உருக்கினால் சீசியமும் அயோடினும் பெரும்பாலும் மோரோடு போய்விடும். நெய்யில் மிகக் குறைவாகவே தங்கும். அதிகாரிகள் அனுமதித்தால் பாலை வீணாக்காமலிருக்க இது நல்ல வழி. அந்த மோரை மட்டும் கன்றுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் சீசியம் கணிசமாகக் குறையும். வேகவைத்தால் பாதியளவு சாற்றுக்கு வரும், ஆகவே சூப்பைக் குடிக்கக் கூடாது. உப்புக்கண்டம் போட்டால்? உப்பில் இறங்கிய நீரை வடித்துக் கொட்டுவதில் கொஞ்சம் போகும். ஆனால் 3 கிலோ கறி காய்ந்து ஒரு கிலோவானால் மிச்சம் நிற்பது கிலோக் கணக்கில் மூன்று மடங்காகிறது. வரம்பை ஒட்டி நின்ற கறி கண்டமானதும் வரம்பைத் தாண்டிவிடும்.

சோதனையும் விடுதலையும்

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டு அளவு சீசியத்துக்குக் கிலோவுக்கு 1,000 பெக்கரல், அயோடின்-131-க்கும் ஸ்ட்ரான்சியம்-90-க்கும் 100. ஜப்பான் 2012 ஏப்ரலிலிருந்து சீசியத்துக்குப் பொது உணவில் 100, பாலில் 50 என்று இறக்கிக்கொண்டது. நாட்டுக்கு நாடு இப்படி மாறும் என்பதால், சோதனை முடிவைக் கையில் வாங்கும்போது எந்த வரம்போடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

நல்ல செய்தி, சுத்தத் தீனி போட்டால் ஆடு தானே கறையைக் கழித்துவிடும். ஆட்டுக் கறியில் சீசியம் ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் பாதியாகும். பாலில் இன்னும் வேகம், சில நாள் போதும். 3,000-ல் நிற்கும் கறி 1,000-க்கு இறங்க ஐந்து வாரம் வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரே நாள் கறைபட்ட புல்லை மேயவிட்டாலும் கணக்கு பின்னால் போகும். பிரஷ்ய நீலம் என்னும் மருந்தைத் தீவனத்தில் கலந்தால் அது குடலிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு தள்ளும். பசுவுக்கு நாளுக்கு 3 கிராம், ஆட்டுக்கு ஒரு கிராம் அளவில் கொடுத்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் கையால் வருவதை மட்டும் போடுங்கள். பெயிண்ட் கடை நீலம் வேறு தரம்.

உயிருடன் அளக்கும்போது ஆட்டின் பின்தொடையில் கருவியை வைத்துச் சில விநாடி எண்ணுவார்கள். பிரிட்டனில் வரம்பு 1,000 ஆக இருந்தாலும் உயிராட்டில் 645-ஐத் தாண்டினாலே நிறுத்தினார்கள். கருவியின் பிசகுக்கு விட்ட இடம் அது. நிறுத்திய ஆட்டுக்குச் சாயம் பூசினார்கள், மறு சோதனையில் தேறும்வரை அறுக்கக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது: முந்தின நாளே பின்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவிய தண்ணீர் குப்பைக்குழிக்குப் போகட்டும். அளக்கும் இடம் சிமெண்டுத் தரையாக இருக்கட்டும். சேற்றுப் பட்டியில் நிறுத்தினால் மண்ணின் கதிர்வீச்சும் சேர்ந்து காட்டும், சுத்தமான ஆடும் தோற்கும். ஆடு துள்ளினால் அளவு சரியாக விழாது. ஒருவர் முன்னங்காலையும் தலையையும் அணைத்துப் பிடிக்க வேண்டும்.

ஆடு சுத்தமானாலும் நிலம் சுத்தமாகாது. வேல்ஸில் 26 ஆண்டு இழுத்ததற்குக் காரணம் ஆடு அல்ல, மக்கிய புல்லாலான பீட் மண். களிமண் சீசியத்தை இறுக்கிப் பிடித்து வேருக்கு விடாது. பீட் மண் விட்டுக்கொண்டே இருந்தது. நம் சரளைச் செம்மண்ணும் கண்மாய் வண்டலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைக்க வேண்டாம். தடை நீங்கும்போது தரிசுப் புல்லையும் கண்மாய்ப் புல்லையும் தனித்தனி மாதிரியாகக் கொடுங்கள். கலந்து ஒரே பையில் போட்டால் நல்ல நிலமும் சேர்ந்து தோற்கும்.

ஊரையே காலி செய்யச் சொன்னால் மாட்டைக் கயிற்றில் விட்டுப் போகாதீர்கள். ஃபுகுஷிமாவில் கட்டுத்தறியிலேயே பட்டினியில் செத்த மாடுகள் ஏராளம். கயிற்றை அவிழ்த்து, கொட்டத்தின் வெளிக்கதவை மட்டும் சாத்தி, பெரிய தொட்டிகளில் தண்ணீரும் வாய்க்கெட்டும் உயரத்தில் வைக்கோலும் வைத்து, உள்ளே எத்தனை உருப்படி என்று கதவில் சுண்ணாம்பால் எழுதிவிட்டு கால்நடை உதவித் தொலைபேசி எண் 1962-க்குத் தகவல் சொல்லுங்கள்.