டோக்கியோ ரயில் நிலையம்: படத்துக்குக் கீழே நாம் எழுதும் தவறுகள்

டோக்கியோ போய்வந்தவர்களின் போனில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். சிவப்புச் செங்கல், இடையிடையே வெள்ளைப் பட்டை, இரு முனையிலும் கறுப்புக் குவிமாடம். கட்டடத்தின் நீளம் 335 மீட்டர். முழுசாகப் படத்தில் அடக்க வெகுதூரம் பின்னால் நடக்க வேண்டும். படம் நன்றாகத்தான் வரும். அதன் கீழே எழுதுவதில்தான் பிசகு: "ஜப்பானின் முதல் ரயில் நிலையம், நூறு வருஷமாக அப்படியே நிற்கிறது!"

"முதல்" என்பதைச் சட்டென்று முடித்துவிடலாம். ஜப்பானில் ரயில் ஓடத் தொடங்கியது 1872-இல், ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே. டோக்கியோ நிலையம் திறந்தது 1914 டிசம்பரில். நாட்டிலேயே கூட்டம் அதிகமான நிலையமும் இது இல்லை, அது ஷின்ஜுகு.

"அப்படியே நிற்கிறது" என்பதுதான் பெரிய தவறு. இதை வடிவமைத்தவர் தத்சுனோ கிங்கோ. உள்ளே எஃகுச் சட்டம் நிறுத்தி அதைச் சுற்றிச் செங்கல் கட்டினார். அதனால் 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் நகரமே சரிந்தபோதும் இது பெரிய சேதமில்லாமல் தப்பியது. நிலநடுக்கத்தில் இடிந்துபோனது என்று சிலர் எழுதுவதும் தப்பு. கட்டடத்தைக் கெடுத்தது விமானக் குண்டு. 1945 மே 25 இரவு குவிமாடங்களும் மேல்தளமும் எரிந்துபோயின. 1947-இல், பொருள் கிடைக்காத காலத்தில், மேல்தளத்தை எடுத்துவிட்டு, உருண்டைக் குவிமாடத்துக்குப் பதில் கோணக் கூரை போட்டு ஒப்பேற்றினார்கள். சில வருஷத்துக்கு என்று போட்ட கூரை அறுபது வருஷம் தாங்கியது. ஆக 1990-இல் போய்வந்த உங்கள் மாமாவின் ஆல்பத்தில் வேறு கட்டடம் இருந்தால் அவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

பழைய வடிவத்துக்குத் திருப்பும் வேலை 2007-இல் தொடங்கி 2012 அக்டோபரில் முடிந்தது. கீழ் இரண்டு தளங்களின் சுவர் 1914-ஐச் சேர்ந்தது. மேல்தளமும் குவிமாடமும் 2012-இல் வந்தவை. ஜப்பானியக் குறிப்புகளில் "மூன்றாம் தளம்" என்று இருப்பதை நம்மவர்கள் மூன்றாம் மாடி என்று பெயர்த்து, கட்டடத்துக்கு ஒரு மாடி கூட்டிவிடுகிறார்கள். அங்கே தரைத்தளமே முதல் தளம்.

புதியதுதானே என்று அந்த மேல்பகுதியை அலட்சியமாகப் பார்ப்பதும் சரியில்லை. கூரைக்கான கற்பலகைகள் வடகிழக்கில் ஒகாத்சு என்ற ஊரின் கல். அவை அனுப்பத் தயாராக இருந்த நேரத்தில் 2011 மார்ச் 11 சுனாமி வந்து வாரிக்கொண்டு போனது. சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, தேறியவற்றைக் கொண்டுவந்து பதித்தார்கள். செலவுக்குப் பணம் வந்த வழியும் விசித்திரம். இந்த நிலத்தில் சட்டப்படி இன்னும் உயரமாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டாமல் விட்ட அந்த உயரத்தின் உரிமையைப் பக்கத்து வானுயர் கட்டடங்களுக்கு விற்றார்கள். சுமார் 5,000 கோடி யென் செலவுக்கு வெறும் காற்றுதான் முதல்!

அடுத்தது "ஆம்ஸ்டர்டாம் நிலையத்தின் நகல்". காதுக்கு இனிமையான கதை, அவ்வளவுதான். தத்சுனோ படித்தது லண்டனில். சிவப்புச் செங்கலில் வெள்ளைப் பட்டை ஓடும் இந்தப் பாணி அன்றைய இங்கிலாந்தில் கண்டது. அவர் அதைப் பல கட்டடங்களில் கையாண்டதால் ஜப்பானில் அதற்கு "தத்சுனோ பாணி" என்றே பெயர்.

இரண்டு பிரதமர்கள் இங்கே கொல்லப்பட்டார்கள் என்பது பாதி சரி. ஹரா தகாஷி 1921 நவம்பர் 4 அன்று மருனோச்சி தெற்கு வாசலருகே குத்தப்பட்டு இறந்தார். குத்தியவர் ரயில்வே ஊழியர். ஹமாகுச்சி ஒசாச்சி 1930 நவம்பர் 14 அன்று பிளாட்பாரத்தில் சுடப்பட்டார். ஆனால் அவர் காயத்தோடு மாதக்கணக்கில் போராடி, மறு வருஷம் ஆகஸ்டில்தான் இறந்தார். இரண்டு சம்பவத்துக்கும் தரையில் சின்ன அடையாளம் உண்டு. தினமும் லட்சக்கணக்கான பேர் கவனிக்காமலே மிதித்துப் போகிறார்கள்.

சரி, ரயில் பிடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஷின்கான்சென் (புல்லட் ரயில்) கேட் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். கியோத்தோ, ஒசாகா பக்கம் என்றால் 14 முதல் 19 வரையுள்ள பிளாட்பாரங்கள். செண்டாய் முதலிய வடக்கு ஊர்களுக்கு 20 முதல் 23. இரண்டையும் நடத்துவது வேறு வேறு கம்பெனி. டிஸ்னிலாண்டுக்குப் போகும் கேயோ பாதைக்கு மாற ஐந்து நிமிஷம் போதும் என்று கணக்குப் போட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். நரிதா விமான நிலையத்துக்குத் திட்டமிட்டுக் கைவிட்ட ஷின்கான்சென்னுக்கென ஒதுக்கிய இடத்தில்தான் கேயோ பிளாட்பாரம். நிலையத்தின் தெற்கே தள்ளி, பூமிக்கடியில் இருக்கிறது. பதினைந்து நிமிஷமாவது வையுங்கள்.

அப்புறம், குவிமாடத்தின் கீழே நின்று, ஜப்பானியர்கள் வருஷத்துக்கு ஒன்றாகச் சொல்லும் "பன்னிரண்டு ராசி விலங்குகள்" என்று கைகாட்டுவார்கள். எண்ணிப் பாருங்கள், எட்டுதான் இருக்கும். கூரை எண்கோணம், மூலைக்கு ஒன்று. நான்கு திசைகளுக்குரிய எலி, முயல், குதிரை, சேவல் இல்லை. தத்சுனோவின் சொந்த மாகாணமான சாகாவில், தகெயோ வெந்நீரூற்றின் வாசல் மண்டபத்தையும் அவரே வடிவமைத்தார். 2013-இல் அதன் மேல்தள உட்கூரையில் பார்த்தால், மரத்தில் செதுக்கிய நான்கு விலங்குகள்: எலி, முயல், குதிரை, சேவல்.