குடியேறியவர்கள் பாடத்தை நடத்துவது எப்படி

பத்தொன்பது வருஷமாக வடசென்னையில் சமூக அறிவியல் எடுக்கிறேன். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பழங்குடிகளின் நிலத்தைப் பிடித்த இந்தப் பாடத்தை ஆரம்பத்தில் தப்பாகத்தான் நடத்தினேன். கொலம்பஸ் 1492, சிட்னிக்கு முதல் கப்பல்கள் 1788 என்று போர்டில் எழுதிவிட்டு, "அங்கிருந்த பழங்குடிகள் பாதிக்கப்பட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். யார் பாதித்தார்கள், எதைப் பிடுங்கினார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. இப்போது நடத்தும் முறையைச் சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இது உதவும்.

முதலில் போர்டில் ஒரு வாக்கியம் மட்டும் எழுதுங்கள்: "ஊட்டியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன்." எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். போன வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், அவரு போறப்ப அங்க ஆளுங்க இருந்தாங்களா?" என்றாள். அந்தக் கேள்வி வரும்வரை பொறுமையாக இருங்கள். வந்ததும், கேட்ட பிள்ளையையே கூப்பிட்டு 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லுங்கள். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறியபோது தோடர், கோத்தர், குறும்பர், படகர் எல்லாரும் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். வெள்ளைக்காரர்கள் எழுதிய 'ஊட்டகமண்ட்' என்ற பெயரின் கடைசியில் இருப்பது அந்த மந்துதான்.

அடுத்து நிலத்துக்கு வாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் பரவாயில்லை. தோடர்களிடமிருந்து சல்லிவன் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். "காசு கொடுத்துத்தானே வாங்கினார்?" என்று யாராவது கேட்பார்கள். அப்போது எருமையைப் பற்றிச் சொல்லுங்கள். தோடருக்கு எருமை வெறும் கறவை மாடு இல்லை. பால் வைத்துக் கடையும் குடில்தான் அவர்கள் கோயில், அங்கே பாலைக் கையாளுபவர்தான் பூசாரி. அந்த எருமைகள் மேய்ந்த புல்வெளி வந்தவர்கள் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. தைலமரமும் சீகை (வாட்டில்) மரமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கமும் நட்டது. புல் போனால் எருமை போச்சு, எருமை போனால் கோயில் போச்சு. இதைப் பிள்ளைகளே வரிசையாக அம்புக்குறி போட்டு வரையட்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஒரு பக்கத்துத் தாளில், "எங்கள் இறையாண்மை முழுவதையும் அரசிக்கு விட்டுக்கொடுக்கிறோம்." மறுபக்கத்துத் தாளில், "ஆட்சி நடத்தும் பொறுப்பை அரசிக்குத் தருகிறோம். எங்கள் நிலம், ஊர் எல்லாவற்றின் மீதும் தலைமை எங்களுடையதே." இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சண்டை தானாக வரும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசியோடு செய்துகொண்ட, 1840 பிப்ரவரி 6-ல் கையெழுத்து தொடங்கிய வைத்தாங்கி ஒப்பந்தத்தின் ஆங்கில, மாவோரிப் பிரதிகளின் சாரம்தான் அந்த இரண்டு தாள். 500-க்கும் மேற்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரிப் பிரதியில். 1860-களில் போர் மூண்டது, நிலங்கள் பறிமுதலாயின. அந்த மாவோரிப் பிரதியை அச்சடித்தவர் வில்லியம் கொலன்சோ. தமிழ் எழுத்து பொறித்த உடைந்த கப்பல் மணி ஒன்றில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைத்ததைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். அது இன்றைக்கு வெலிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. பிள்ளைகள் சோர்ந்திருந்தால் இந்த மணியைப் பற்றிச் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெள்ளைக்காரனோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். அந்தமானுக்கு வாருங்கள். 1858-ல் அங்கே கைதிகள் குடியிருப்பு வந்தது, கூடவே தட்டம்மையும் மேகநோயும் வந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினர் இன்று சுமார் 50 பேர். பிறகு அங்கே குடியேறியவர்களில் தமிழர்களும் உண்டு. என் மாணவன் ஒருவனுடைய சித்தப்பா போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கிறார். இதைச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். "சித்தப்பா கடை இருக்கிற இடத்துல முன்னாடி யாரு இருந்தாங்க?" என்று தேடிவரச் சொல்லுங்கள். அவன் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குக் கரி பூசி, இலைதழை கட்டி 'ஆதிவாசி டான்ஸ்' வைக்காதீர்கள். ஒரு மாசம் நடத்திய பாடம் ஐந்து நிமிஷத்தில் அழிந்துபோகும்.

அதற்குப் பதிலாக, ஈ.சி.ஆர். பஸ் பிடித்து வடநெம்மேலிக்குக் கூட்டிப் போங்கள். முதலைப் பண்ணைக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரத்துக்குச் சட்டம் தடை போட்டதும் பிழைப்பை இழந்த இருளர் பழங்குடியினருக்காக 1978-ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, துணி கட்டிய மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டு மறுபடி விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நமக்குப் போடும் ஊசி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. "பயமா இல்லையா?" என்று கேட்க வேண்டாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவையுங்கள். "தடத்தை எப்படிப் பாக்குறீங்கண்ணா?" என்று கேட்கட்டும். நாங்கள் போனபோது ஓர் அண்ணன் மணலில் குந்தி உட்கார்ந்து, சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்து, பாம்பு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டார். நாற்பது பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவரைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.